குளுவாங்கில் ஆங்கில முன்னிடைச்சொல்

1909இல் இன்றைய மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இரயில் பாதை நிறைவுற்றபின், அங்குள்ள குளுவாங் நகரைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் பெருக, அங்குக் குடியேறிய தமிழரின் பிள்ளைகளுக்குத் தோட்டப்பள்ளிகள் எழுந்தன. நாட்டின் ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970 முதல் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறியதால், ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியது. அதன் நுண்மைகளுக்குப் பழகும் வாய்ப்பும் குறைந்தது. அவற்றுள் கடினமானது, பண்பை உரைக்கும் பெயரடைக்குப் பின், பெயருக்கு முன்நின்று உறவு காட்டும் முன்னிடைச்சொல்லைத் தேர்வதாகும். 'கணக்கில் வல்லவன்' என்னும் ஏழாம் வேற்றுமையும், 'உள்ளே' எனப் பொருள்படும் மலாய்மொழியின் 'டாலாம்' என்ற சொல்லும் 'குட் இன்' என்று எழுதத் தூண்ட, எழுத்தாங்கிலம் பெரும்பாலும் 'குட் அட்' என்பதையே ஏற்கிறது. இப்பிழைக்குக் காரணம் மாணவரின் அறியாமையன்று, இரு மொழிகளின் ஒருமித்த இழுப்பு. ஆகவே வேற்றுமை உருபுகளோடு ஒப்பிட்டுக் கற்பிப்பதே தக்கது. நீக்கப்பொருள் தரும் ஐந்தாம் வேற்றுமையை அறிந்தவர்க்கு 'டிஃபரென்ட் ஃப்ரம்' எளிதில் வசப்படும்.