விநியோகச் சங்கிலியில் ஒப்பளவீடும் தரவு ஆராய்ச்சியும்

மூலப்பொருள் கிடைக்கும் இடந்தொட்டு ஆலை, பண்டகசாலை, லாரி, கடை எனப் பல கைகள் மாறி ஒரு பண்டம் நுகர்வோரைச் சென்றடையும் வழி முழுவதும் விநியோகச் சங்கிலி எனப்படும். அவ்வழியின் ஒவ்வொரு கட்டத்திலும் பிறக்கும் கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்து, அதே காரியத்தைத் தம்மினும் திறம்படச் செய்வோருடைய கணக்கோடு ஒப்புநோக்கித் தம் முறையைத் திருத்திக்கொள்ளும் ஒப்பளவீடு என்னும் வழக்கம், இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் ஒரு தனி நிர்வாக முறையாக உருப்பெற்றது.

இதன் சரித்திரத்தில் முதலிடம் பெறத்தக்கது அமெரிக்க ஜெராக்ஸ் கம்பெனியின் அனுபவம். தனக்கு ஒரு நகல் இயந்திரத்தின் உற்பத்திச் செலவு எவ்வளவோ ஏறக்குறைய அவ்விலைக்கே ஜப்பானியப் போட்டியாளர் தம் இயந்திரங்களை விற்கக் கண்ட அந்த ஸ்தாபனம், 1979-இல் தன் செலவினங்களைப் பிறருடையவற்றோடு முறையாக ஒப்பிடத் தொடங்கிற்று. விநியோகப் பகுதியிலோ, அதன் அலுவலரான ராபர்ட் கேம்ப் போட்டியாளரை நாடாமல், மெய்ன் மாநிலத்து ஃப்ரீபோர்ட் நகரில் காலணிகளும் உடைகளும் தபால் வழியே விற்றுவந்த எல்.எல்.பீன் நிறுவனத்தின் பண்டகசாலையை நாடினார். இயந்திர உதிரிபாகங்களுக்கும் காலணிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பல வடிவும் பல பருமனும் கொண்ட சரக்குகளை ஆட்களே எடுத்துச் சேர்த்துக் கட்டியனுப்ப வேண்டிய நிர்ப்பந்தம் ஈரிடத்தும் ஒன்றே. ஆயினும் பீனின் தொழிலாளர் ஏறக்குறைய மும்மடங்கு வேகத்தில் அதனைச் செய்தனர். அவர்கள் கூடுதலாக உழைத்தார்கள் என்பதன்று காரணம். அடிக்கடி விற்பவை எடுப்போரின் வழிக்கு அண்மையில் அடுக்கப்பட்டிருந்தன. வந்த ஆர்டர்களை, நடைதூரம் குறையும் வண்ணம், கணினி வரிசைப்படுத்தித் தந்தது. இடைவெளி எவ்வளவு என்பதை எண்கள் காட்டின. அது ஏன் நேர்ந்தது என்பதை நேரிற்சென்று கண்டபின்னரே ஜெராக்ஸ் அறிந்தது. இம்முறையின் ஜீவன் இங்கேதான் இருக்கிறது. கேம்ப் தம் அனுபவத்தை 1989-இல் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டே ஜெராக்ஸின் ஒரு பிரிவு அமெரிக்காவின் மால்கம் பால்டிரிஜ் தேசியத் தர விருதைப் பெற்றது.

ஒப்பிடுவோர் இருவருக்கும் அளவுகோல் ஒன்றாயிராவிடில் ஒப்பீடு விபரீதமான முடிவுகளைத் தரும். சரக்கு கிடங்கைவிட்டுப் புறப்பட்ட நாளை ஒருவரும், வாங்குவோர் கையை அடைந்த நாளை மற்றொருவரும் உரிய காலமெனக் கொண்டால், இருவர் சதவீதங்களையும் அருகருகே வைப்பதில் பயனில்லை. இக்குறையை நீக்கவே 1996-இல் ஸ்கோர் என்னும் பொதுச் சட்டகம் வகுக்கப்பட்டது. பிழையற்ற ஆர்டர் என்பது அதன் கண்டிப்பான அளவுகளுள் ஒன்று: காலம், முழுமை, சேதமின்மை, பத்திரங்களின் பிழையின்மை ஆகிய நான்கும் ஒருங்கே பொருந்த வேண்டும். ஒவ்வொன்றிலும் தனித்தனியே 95 சதவீதம் பெறும் ஸ்தாபனமும், பிழைகள் ஒன்றையொன்று சாராதவையாயின், மொத்தத்தில் ஏறத்தாழ 81 சதவீதமே பெறும். தனித்தனி அறிக்கைகளில் மறைந்துகிடந்த குறை அப்போதுதான் வெளிப்படுகிறது.

தேசங்களுக்கிடையேயும் இவ்வொப்பீடு நிகழ்கிறது. உலக வங்கி 2007 முதல் வெளியிட்டுவரும் சரக்குப் போக்குவரத்துத் திறன் குறியீட்டில், 2023-இல் 139 நாடுகளுள் சிங்கப்பூர் முதலிடத்தையும் இந்தியா 38-ஆம் இடத்தையும் பெற்றன. முன்னெல்லாம் தொழில்வல்லோரின் அபிப்பிராயங்களையே ஆதாரமாகக் கொண்டிருந்த அவ்வறிக்கை, அவ்வாண்டு கண்டெய்னர்களின் பயணத் தடங்களிலிருந்து பெற்ற தரவுகளையும் சேர்த்துக்கொண்டது. சரக்கைத் தடமறியும் ஏற்பாடு புகுந்தபின், விசாகப்பட்டினம் துறைமுகத்தில் அது தங்கும் காலம் 2015-இல் இருந்த 32.4 நாட்களிலிருந்து 2019-இல் 5.3 நாட்களாகக் குறைந்தது என்று அதில் பதிவாகியுள்ளது.