முகத்து மச்சமும் பிறர் பார்வையும்

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் மூன்று பேருக்குப் போர்ட் ஒயின் மச்சம் இருக்கிறது. தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து கிடப்பதால் வரும் இந்தச் சிவப்பு பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும் படர்கிறது. வயது ஏற ஏறக் கறுத்து, சிலருக்குத் தடிக்கவும் செய்யும். பொதுவாக வலி கிடையாது. இருந்தும் அதோடு பிறந்தவர்கள் பட்ட பாடு பெரிது. அதில் பெரும்பங்கு மற்றவர்கள் கொடுத்தது.

முதல் பழி தாய்மேல் விழுந்தது. கர்ப்பிணி எதற்கு ஆசைப்பட்டாளோ, எதைக் கண்டு மிரண்டாளோ, அதன் சாயல் பிள்ளையின் தோலில் பதியும் என்று ஐரோப்பா நெடுங்காலம் நம்பியது. கிரகணத்தன்று கர்ப்பிணியை வாசல் தாண்ட விடாத நம் வீடுகளுக்கும் இந்த அச்சம் புதிதல்ல. லண்டன் மருத்துவர் டேனியல் டர்னர் 1714-இல் வெளியிட்ட தோல் நோய் நூலில் இந்த நம்பிக்கைக்குத் துணை நின்றார். 1727-இல் ஜேம்ஸ் பிளாண்டெல் அதை மறுத்து எழுத, இருவரும் மாறி மாறி நூல்களாலேயே மோதிக்கொண்டார்கள். நியாயம் பிளாண்டெல் பக்கம்தான். கரு வளரும்போது ஒரு செல்லில் தற்செயலாக நேரும் மரபணு மாற்றமே காரணம் என்று 2013-இல் தெரியவந்தது. தாயின் ஆசைக்கும் அச்சத்துக்கும் அதில் வேலையே இல்லை.

பழிக்கு அடுத்தது ஒளிவு. முகத்தில் மச்சத்தோடு பிறந்த அமெரிக்கப் பெண் லிடியா ஓ'லியரி, 1928-இல் ‘கவர்மார்க்’ என்ற பூச்சை உருவாக்கி, 1932-இல் காப்புரிமை பெற்றார். வெளியே தலைகாட்டத் தயங்கிய பலருக்கு அது துணிவு தந்தது. பூச்சு கலைந்துவிடுமோ என்ற புதுக் கவலையும் கூடவே வந்தது.

சமூகவியலாளர் பிரான்சிஸ் மக்கிரெகர் 1950-களில் கவனித்தது வியப்பானது: முகக் குறையின் அளவுக்கும் வேதனையின் அளவுக்கும் நேர்ப் பொருத்தம் இல்லை. அடுத்தவர் முறைப்பாரா, சிரிப்பாரா, கண்டுகொள்ளாமல் போவாரா என்று முன்கூட்டித் தெரியாததே ஆளை அரிக்கிறது.

மச்சத்தை நீக்கும் முயற்சியும் நடந்தது. 1970-களின் ஆர்கான் லேசர் சிகிச்சை தழும்பு விட்டுச் சென்றது. ரத்தக் குழாயை மட்டும் குறிவைக்கும் லேசர் முறையை ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983-இல் விளக்கிய பிறகே சிகிச்சை பாதுகாப்பானது. அப்போதும் பலருக்கு மச்சம் மங்கியதே தவிர, மறையவில்லை.

தீக்காயத்தால் முகம் மாறிய ஜேம்ஸ் பார்ட்ரிஜ் 1992-இல் பிரிட்டனில் ‘சேஞ்சிங் ஃபேசஸ்’ அமைப்பைத் தொடங்கி, திருந்த வேண்டியது பார்ப்பவர்களும்தான் என்று வாதாடினார். அந்நாட்டின் 2010 சமத்துவச் சட்டம் கடுமையான உருக்குறையை மாற்றுத்திறனாகக் கருதிப் பாதுகாக்கிறது. அந்த வரையறையில் வரும் மச்சத்தைக் காட்டி வேலை மறுப்பது சட்டவிரோதம். தானாகக் குத்திக்கொண்ட பச்சைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.