இதயத்துக்கு ஒரு லாக் ஃபைல்

ஆபீஸ்ல இன்னிக்கு ஆணி கம்மி. அதனால ரொம்ப நாளா எழுத நெனச்ச விஷயம்.

22 வயசு, வேலைக்குச் சேர்ந்த புதுசு. சும்மா உக்காந்திருப்பேன், யாரோ சுவிட்ச் போட்ட மாதிரி நெஞ்சு படபடன்னு அடிக்கும். பத்து நிமிஷம் கழிச்சு டப்புன்னு நின்னுடும். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள ஈசிஜி நார்மல். "ஐடி வேலையா தம்பி? டென்ஷன்தான், காபியக் குறைங்க." மூணு டாக்டர், ஒரே பதில். கடைசியில பதட்டத்துக்கு மாத்திரை. அம்மா பங்குக்கு ஒரு மந்திரிச்ச கயிறு.

டெஸ்டிங் ஆளுங்க பக் சொன்னா "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது"ன்னு க்ளோஸ் பண்ணுவோமே, அதேதான்!

இது பழைய கதைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல படபடப்போட வந்த சிப்பாய்களைப் பத்தி ஜேக்கப் டா கோஸ்டாங்கிற டாக்டர் 1871-ல எழுதினார். அவர் கையில இருந்தது ஸ்டெதாஸ்கோப்பும் நாடி பிடிக்கிற விரலும்தான். திடீர்னு ஆரம்பிச்சு திடீர்னு நிக்கிற படபடப்பைத் தனி நோயா 1889-ல விவரிச்சவர் பிரான்ஸின் லியோன் பூவெரே. ஆனா சாட்சி வேணுமே?

சாட்சியைக் கொண்டு வந்தவர் நெதர்லாந்தின் ஐந்தோவன். அவரோட ஈசிஜி கருவி சுமார் 270 கிலோ. நோயாளி கையையும் காலையும் உப்புத்தண்ணி வாளியில விட்டு உக்காரணும். 1924-ல நோபல் கிடைச்சுது. ஆனா ஈசிஜி சில நொடி ஃபோட்டோ மாதிரி. அந்த நேரம் இதயம் ஒழுங்கா இருந்தா நம்ம கதை பொய்யாயிடும்.

இங்கதான் நம்ம ஹீரோ வர்றார். அமெரிக்காவின் மோன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர். இவர் டாக்டரே இல்ல, இயற்பியல் ஆள்! மனுஷன் படுத்திருக்கும்போது இல்ல, அன்றாட வேலை செய்யும்போது இதயத்தைப் பார்க்கணும்னார். 1940-களின் கடைசியில ரேடியோ மூலமா ஈசிஜி அனுப்புற கருவியைச் செஞ்சார். எடை சுமார் 38 கிலோ, அதை முதுகுல மூட்டையா சுமக்கணும். கருவி சுருங்கி, 1961-ல சயின்ஸ் இதழ்ல அவர் கட்டுரை வந்துச்சு. இதயத்துக்கு முதல் லாக் ஃபைல் எழுதினவர்னு நான் சொல்வேன்.

அதுக்கப்புறமும் கதை மாறிடல. 1997-ல ஆர்கைவ்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழ்ல ஒரு ஆய்வு. என்னைப் போல திடீர் படபடப்பு நோய் உறுதியான 107 பேர்ல, 59 பேருக்கு முதல் பரிசோதனையில அது பிடிபடல. அதுல பாதிக்கு மேல பேருக்குக் கிடைச்ச பதில் பதட்டம், மன அழுத்தம். பெண்களுக்கு அப்படிச் சொல்லப்பட்டது இன்னும் அதிகம்.

நான் என்ன பண்ணேன்? ஒரு நோட்டு போட்டேன். தேதி, நேரம், நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு, எப்படி ஆரம்பிச்சுது, எப்படி நின்னுது. நாலாவது டாக்டர்கிட்ட அதை நீட்டி, "டென்ஷனாவே இருக்கலாம் டாக்டர். ஆனா அடிக்கும்போது யாரும் ஈசிஜி எடுத்ததில்ல. எடுத்துப் பார்த்துட்டு டென்ஷன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்"னேன். குரல் நடுங்கத்தான் செஞ்சுது.

அவர் கோபப்படல. 24 மணி நேர ஹோல்டர்ல ஒண்ணும் சிக்கல. "ஏழு நாள் போடலாமா டாக்டர்?"னு நானே கேட்டேன். அஞ்சாம் நாள் மாட்டுச்சு, 190 துடிப்பு. இதயத்துக்குள்ள கூடுதலா ஒரு மின்பாதை, கரண்ட் அதுல வட்டமடிக்குது. நம்ம பாஷையில இன்ஃபினிட் லூப். தொடை ரத்தக்குழாய் வழியா வயர் விட்டு அந்தப் பாதையைச் சுட்டு அடைச்சாங்க. அதோட நின்னுது.

முதல் மூணு பேர் மேல இப்ப கோபம் இல்ல. அவங்க பார்த்த ஈசிஜி உண்மையிலேயே நார்மல்தான். ஆனா "நார்மல்"னா "அந்த நிமிஷம் நார்மல்"னு மட்டும்தான் அர்த்தம். அதை நாமதான் மரியாதையா, ஆதாரத்தோட, திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்தணும். சின்ன வயசுங்கிறது மருத்துவச் சான்றிதழ் இல்ல மக்களே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. மயக்கமோ நெஞ்சு வலியோ சேர்ந்து வந்தா நோட்டு எழுதிட்டு உக்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அம்மா கட்டின கயிறு இன்னும் கையிலதான் இருக்கு.