ஒரே சீல், இரண்டு கூடுகள்: ஏ-6, ஆர்-4 கம்ப்ரசர்கள் குறித்த ஒப்பாய்வு

பழைய காரின் ஏ.சி. குளிர்ச்சியை இழந்தால் கம்ப்ரசரையே மாற்றச் சொல்வது பணிமனைகளின் வழக்கம். கழற்றிப் பார்த்தால் பல நேரம் பிஸ்டனும் பேரிங்கும் நன்றாகவே இருக்கும். ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் வெந்து இறுகிப்போன சில ரப்பர் வளையங்களும், ஷாஃப்டைச் சுற்றியுள்ள ஒரு சீலும்தான் கேஸை வெளியே விட்டிருக்கும். அவற்றை வீட்டிலேயே மாற்ற முடியுமா என்ற கேள்விக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. கம்ப்ரசரை வடிவமைத்தவர்கள் அதைத் திறப்பதற்கு எவ்வளவு வழி வைத்தார்கள் என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் அடுத்தடுத்துத் தயாரித்த ஏ-6, ஆர்-4 என்ற இரண்டு கம்ப்ரசர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகும்.

பிறப்பும் அமைப்பும்

ஏ-6 கம்ப்ரசர் 1962 மாடல் கார்களோடு வந்தது. அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் பிரிவாக இருந்த ஃப்ரிஜிடேர் அதைத் தயாரித்தது. நீண்ட எஃகுக் கூட்டுக்குள் மூன்று பிஸ்டன்கள் படுத்த நிலையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முனைகளிலும் அழுத்துவதால் ஆறு சிலிண்டர் கணக்கு. ஷாஃப்டில் சாய்வாகப் பொருத்திய தட்டு சுழலும்போது பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கொள்ளளவு சுமார் 206 கன செ.மீ.; எடை 15 கிலோவுக்கு மேல். கேடிலாக், கார்வெட் கார்களில் மட்டுமல்லாமல் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ, ஜாகுவார் எக்ஸ்.ஜே. வரை அது சென்றது.

ஆர்-4 வந்தது 1970களின் நடுவில். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கக் கார்கள் சிறுத்தன. என்ஜின் அறையில் இடம் குறைந்தது. அதற்கேற்ப நான்கு சிலிண்டர்களை ஷாஃப்டைச் சுற்றி ஆரங்களாக அமைத்தார்கள். கொள்ளளவு சுமார் 163 கன செ.மீ.; எடை ஏறக்குறைய பாதி; நீளமும் மிகக் குறைவு. ஜெனரல் மோட்டார்ஸின் கார்களிலும் பிக்-அப் வண்டிகளிலும், மெர்சிடீஸின் டபிள்யூ 123 வரிசையிலும் இதைக் காணலாம்.

ஒத்துப்போகும் இடம்: முன்பக்க சீல்

உருவத்தில் இவ்வளவு வேறுபட்டாலும், ஷாஃப்ட் வெளியே வரும் வாயில் இரண்டுக்கும் ஒரே வகைச் சீல்தான். ஷாஃப்டோடு சேர்ந்து சுழலும் கார்பன் முகம், அசையாமல் நிற்கும் பீங்கான் இருக்கையின் மேல் வழுக்கி ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் கேஸைத் தடுக்கிறது. ஏ.சி.யை மாதக்கணக்கில் போடாமல் விட்டால் படலம் வற்றி, கசிவு தொடங்கும். குளிர்காலத்திலும் அவ்வப்போது சில நிமிடம் ஏ.சி.யை ஓட்டச் சொல்வது இதனால்தான்.

கசிவு இங்கேதான் என்பதற்கு அடையாளமும் இரண்டிலும் ஒன்று: கிளட்ச்சுக்கு நேர் மேலே பானட்டின் அடிப்புறத்தில் எண்ணெய் தெளித்த கோடு. கிளட்ச் முகத்தில் லேசான ஈரம் மட்டும் இருந்தால் அது குறை ஆகாது; இந்தச் சீலின் இயல்பே அது.

வேலையின் வரிசையும் ஒன்றே. கேஸை முறையாக மீட்டெடுத்த பிறகு ஷாஃப்ட் நட்டைக் கழற்ற வேண்டும். கிளட்ச் தட்டைப் புல்லர் போட்டு இழுக்க வேண்டும். நெம்பினால் தட்டு கோணும். பிறகு ஸ்நாப் ரிங், பீங்கான் இருக்கை, கார்பன் சீல், உள்ளே பள்ளத்தில் இருக்கும் ஓ-ரிங் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஷாஃப்ட் மேற்பரப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, சுத்தம் செய்து, புதியவற்றை எண்ணெய் தடவி எதிர்வரிசையில் வைக்க வேண்டும். மெருகேற்றிய இரண்டு முகங்களையும் விரலால் தொடக்கூடாது. சீலின் காதுகள் ஷாஃப்டின் தட்டையான பக்கங்களில் உட்கார்ந்ததை உறுதி செய்த பிறகே இருக்கையை வைக்கலாம். கடைசியில் கிளட்ச் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, அந்த மாடலின் கையேடு சொல்லும் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குரிய சிறு கருவிகள் இருந்தால், பொறுமையுள்ள எவரும் இரண்டு கம்ப்ரசரிலும் இந்த வேலையைச் செய்யலாம்.

பிரியும் இடம்: கூடு

முன்சீலைத் தாண்டினால் இரண்டும் வேறு வேறு உலகம். ஏ-6இன் பின்தலையை நான்கு நட்டுகள் பிடித்திருக்கின்றன. முன்பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி அவற்றைக் கழற்றினால் பின்தலை, எண்ணெய்ப் பம்பின் பற்சக்கரங்கள், வால்வுத் தட்டு எல்லாம் வரிசையாக வரும். எண்ணெய்க் குழாயை உருவிவிட்டால் பிஸ்டன் தொகுதி முழுவதையும் கூட்டிலிருந்து ஒரே கட்டாக வெளியே எடுத்துவிடலாம். முன்தலையின் பெரிய ஓ-ரிங்கையும் பின்தலையின் ஓ-ரிங்கையும் மாற்றி, அதே கட்டாகத் திரும்ப இறக்கலாம். தொகுதியை மட்டும் பிரிக்கக்கூடாது. பிஸ்டனுக்கும் சாய்தட்டுக்கும் நடுவே உள்ள வட்டத் தகடுகள் தடிமன் பார்த்துத் தேர்ந்து பொருத்தியவை. இடம் மாறினால் இடைவெளி கெட்டுவிடும். தலைகளின் டெஃப்லான் பூசிய முகங்களில் ஒரு கீறல் விழுந்தாலும் சீல் நிற்காது. இந்த இரண்டு எச்சரிக்கையும் நினைவில் இருந்தால், ஏ-6 வீட்டு மேசையில் திறந்து மூடத் தக்க இயந்திரம்.

ஆர்-4இன் சிலிண்டர் தொகுதியைச் சுற்றி மெல்லிய எஃகு வளையக் கூடு ஒன்று இருக்கிறது. அதன் இரு விளிம்பிலும் தலா ஒரு பெரிய ஓ-ரிங். கூட்டை போல்ட் எதுவும் இறுக்கிப் பிடிக்கவில்லை. பொருத்தமும் ஒரு பட்டையுமே அதை நிறுத்துகின்றன. நான்கு பிஸ்டன் ஆரவாக்கில் அடிப்பதால் ஆர்-4இல் அதிர்வு அதிகம். தாங்கும் பிராக்கெட் தளர்ந்திருந்தால் அந்த அதிர்வு கூட்டை நுண்ணியதாக அசைத்து ஓ-ரிங்கைத் தேய்க்கிறது. கம்ப்ரசரின் வயிற்றைச் சுற்றி எண்ணெயும் புழுதியும் வளையமாகப் படிந்திருப்பது அதன் அடையாளம். இதைச் சரிசெய்ய கிளட்ச், சுருள், முன்தலை அனைத்தையும் கழற்றிய பிறகே கூட்டைத் தள்ளி எடுக்க முடியும். திரும்பப் போடும்போது கூடு சற்றே சாய்ந்தாலும் புதிய ஓ-ரிங்கை வெட்டிவிடும். அந்த விளிம்புகளில் துரு அரித்திருந்தால் எந்த ஓ-ரிங்கும் நிற்காது.

எண்ணெயின் கணக்கு

கசிவின் விளைவும் இரண்டிலும் ஒன்றல்ல. ஏ-6க்குத் தனி எண்ணெய்த் தொட்டியும் பம்பும் உண்டு. மொத்தத்தில் 300 மி.லி.க்கும் சற்று மேல் எண்ணெய் கொள்ளும். கேஸ் குறைந்தாலும் ஓரளவு எண்ணெய் கம்ப்ரசருக்குள்ளேயே நிற்கும். ஆர்-4க்குத் தொட்டியே இல்லை. அமைப்பு முழுவதற்குமான எண்ணெய் சுமார் 180 மி.லி.; அது கேஸோடு சேர்ந்து சுற்றி வந்துதான் பாகங்களை நனைக்க வேண்டும். கேஸ் குறைந்தால் எண்ணெய் திரும்பி வருவதும் குறையும். ஏ-6இல் சிறு கசிவைத் தள்ளிப்போட்டால் குளிர்ச்சி குறையும். ஆர்-4இல் தள்ளிப்போட்டால் கம்ப்ரசரே இறுகிப்போகும். அதனால் ஆர்-4ஐத் திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது வடியும் எண்ணெயின் நிறம். கறுத்து, உலோகத் துகள் மின்னினால் புதிய சீல் போடுவது வீண்வேலை.

கேஸ் பற்றி

இரண்டு கம்ப்ரசரும் ஆர்-12 கேஸுக்காகப் பிறந்தவை. ஓசோன் படலத்தை அரிக்கும் அந்தக் கேஸை வளர்ந்த நாடுகள் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின் தொடர்ச்சியாக 1995 இறுதியோடு தயாரிப்பதை நிறுத்தின. புவி வெப்பமாதலில் ஒரு கிலோ ஆர்-12 ஏறக்குறைய 10 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அமெரிக்காவில் 1992 ஜூலை முதல் அதைக் காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். எனவே வீட்டு வேலையிலும் கேஸை மீட்டெடுப்பதை மட்டும் உரிய இயந்திரம் உள்ளவரிடம் விட வேண்டும். வேலை முடிந்ததும் உலர்ந்த நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நீரால் சோதித்து, பிறகு வேக்கம் போட்டு ஈரத்தை வெளியேற்றி, அதன் பின்பே கேஸ் ஏற்ற வேண்டும். அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸுக்கு மாறுபவர்கள் பழைய மினரல் எண்ணெயை வடித்துவிட்டு எஸ்டர் அல்லது பி.ஏ.ஜி. எண்ணெய் ஊற்ற வேண்டும். சுற்றிவரும் எண்ணெயை மட்டுமே நம்பும் ஆர்-4இல் இதில் சிறு சலுகையும் கூடாது.

தீர்ப்பு

முன்சீல் மட்டும் கசிந்தால் இரண்டு கம்ப்ரசரையும் தயங்காமல் வீட்டில் சரிசெய்யலாம். கூடு கசிந்தால் ஏ-6ஐ முழுதாகத் திறந்து சீல் மாற்றுவதே சரி. இன்று அதன் அளவில் இலகுவான மாற்றுக் கம்ப்ரசர்கள் கிடைத்தாலும், அந்தக் காருக்கென்று பிறந்த உறுப்பைக் காப்பாற்றுவதில் பொருள் உண்டு. இயந்திரமும் அதற்கு ஒத்துழைக்கிறது. ஆர்-4இல் எண்ணெய் தெளிவாகவும் விளிம்புகள் துருவின்றியும் பிராக்கெட் உறுதியாகவும் இருந்தால் மட்டும் கூட்டின் ஓ-ரிங்குகளை மாற்றலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு கம்ப்ரசர் வாங்குவதே நேர்மையான முடிவு. சீல் செட் விலை குறைவு என்பதற்காகத் திறந்து, மூன்றே மாதத்தில் மறுபடி கேஸைக் காற்றில் விடுவது சிக்கனம் ஆகாது. கசிவு எங்கே என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைத் திறக்க இயந்திரம் இடம் தருகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே ஸ்பானரைக் கையில் எடுக்க வேண்டும்.