குடிமதிப்பும் நம் குலப்பெயரும்

ஒரு சமூகத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவார்க்குக் கல்வெட்டும் செப்பேடும் போலவே, அரசினரின் குடிமதிப்பு ஏடும் உற்ற கருவியாகும். ஆயின், அவ்வேட்டிலுள்ள சொற்களின் பொருளறியாது எண்களை மட்டும் நோக்குவார் மயங்குவர். ஆதலின் அச்சொற்களுள் மூன்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது குடும்பம். நாம் பங்காளிகள் அனைவரையும் ஒரு குடும்பம் என்கிறோம். குடிமதிப்பிலோ, ஒருங்கு வாழ்ந்து ஓர் அடுப்பில் சமைத்ததை உண்பவரே ஒரு குடும்பத்தார். ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் தனித்தனியே உலை வைப்பின், வீடு ஒன்று, குடும்பம் இரண்டு.

இரண்டாவது வகுப்பு. வகு என்னும் பகுதியடியாகப் பிறந்த இச்சொல் பிரிவு எனப் பொருள்படும். 1906-இல் வெளிவந்த மதுரை ஜில்லா கெஜட்டியரில், பழனிமலைக் குன்னுவராகிய நம்மவருள் ஒன்றோடொன்று பெண் கொண்டு கொடுத்தல் இல்லாத மூன்று வகுப்புக்கள் உண்டெனப் பிரான்சிஸ் துரை எழுதினார். அங்கே வகுப்பு என்பது சாதியின் உட்பிரிவு. அரசினர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்னுமிடத்தோ, அது பல சாதிகளின் தொகுதி. ஒரு சொல்லே சாதிக்குக் கீழும் மேலும் நிற்றல் காண்க.

மூன்றாவது சாதி. 1871 முதல் 1931 வரை சென்னை மாகாணத்தில் சாதிவாரித் தொகை வெளியிடப்பட்டு வந்தது. 1951 முதல், பட்டியல் சாதியாரும் பழங்குடியினரும் ஒழிந்த ஏனையோரின் சாதி கணக்கெடுக்கப்படவில்லை. 2027 மார்ச்சு 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்ட குடிமதிப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று 2025-இல் இந்திய அரசினர் அறிவித்தனர்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். நம்மவருள் ஒருவர் தம்மைக் குன்னுவர் என்பார். தாராபுரம், காங்கேயம் பக்கத்தினின்று முன்னோர் மலையேறினர் என்னும் ஐதிகம் பற்றி வேளாளர் என்பார் மற்றொருவர். மன்னாடி என்னும் பட்டத்தையே சாதியாகச் சொல்வார் பிறிதொருவர். இவற்றுள் எதுவும் பொய்யன்று. எனினும் ஏட்டில் ஓரினம் மூன்றாய்ப் பிரிந்து போம்.

இது வெற்றச்சமன்று. நம் மலையின் பழங்குடியாரான பளியரை நோக்குக. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் பள்ளேயன், பள்ளியன், பள்ளியர் என்பன தனித்தனி எண்களில் நிற்கின்றன. ஒலிப்பில் நேர்ந்த சிறு வேறுபாடு ஏட்டில் மூன்று வரிகளாயிற்று. அவற்றைக் கூட்டிப் பாராதவர்க்கு அம்மக்களின் தொகை குறைந்தே தோன்றும். தொகை குறைந்து தோன்றுவார்க்குப் பள்ளியும் பாதையும் பிந்தியே வரும்.

ஆதலின் அன்பர்காள்! வில்பட்டி முதல் தாண்டிக்குடி ஈறாக உள்ள மலையூரார் கூடிப் பேசி, எழுதுதற்குரிய பெயர் இதுவென முன்னரே துணிதல் நன்று. பிழைப்பின்பொருட்டுச் சமவெளியில் வாழும் மக்களுக்கும் அதனைத் தெரிவித்தல் வேண்டும். தொகையை மிகுத்துக் காட்டவும் வேண்டா. உள்ளதை இழக்கவும் வேண்டா. நம் பேரர் நாளை அவ்வேட்டைப் புரட்டுங்கால், நம்மைத் தேடி மூன்றிடம் அலையாதிருப்பாராக.