மாக்கட்டியில் தொடங்கியது

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவன் நான். எங்களுக்குத் தெற்கே அம்பாறையில், 2018 பெப்ரவரி 26 இரவு, ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடை அடித்து நொறுக்கப்பட்டது. கறியில் கிடந்த மாக்கட்டியை மலட்டு மாத்திரை என்றார்கள். கடைக்காரரை மிரட்டித் தலையாட்ட வைத்த காணொளி முகநூலில் காட்டுத்தீயாய்ப் பரவியது. அது வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வாளர் சொல்வதற்குள் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கண்டி மாவட்டத்தில் திகன எரிந்துவிட்டது.

மார்ச் 7ஆம் திகதி இலங்கை அரசு முகநூல், வாட்ஸ்அப், வைபரை முடக்கியது. அந்த வன்முறையில் தன் பங்குக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருசம்! சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்தவர்களைப் போதுமான அளவு வேலைக்கு வைக்காமல் இங்கே வியாபாரம் செய்தது பெருங்குற்றம் என்றே சொல்வேன்.

அதற்காக அரசின் கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கவும் எனக்குச் சம்மதமில்லை. மத உணர்வைப் புண்படுத்தியதாக, ஒரு சிறுகதைக்காக 2019இல் சக்திக சத்குமார நான்கு மாதம் சிறையிருந்தார். தமிழ்க் கவிதைகளுக்காக அஹ்னாஃப் ஜஸீமை 2020 மே முதல் 2021 டிசம்பர்வரை அடைத்து வைத்தார்கள். இத்தனைக்கும் பிறகு 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்க ஐவர் கொண்ட ஆணைக்குழு, நியமிப்பவர் சனாதிபதி. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்பது எனக்குப் போதவில்லை. அந்தத் தீர்ப்பு நீதிமன்றத்திடம் மட்டுமே இருக்கவேண்டும்.