ஒரு மூலத்தின் இரு கிளைகள்

1974ஆம் ஆண்டில் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் படைத்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டே, பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டு மரபுக்கு மூலமாகும். அதன் பிரபாவத்தால் 1981இல் தோன்றிய ‘அல்டிமா’, ‘விசர்ட்ரி’ ஆகிய இரு மேற்கத்தியக் கணினி விளையாட்டுகளிலும் ஈடுபாடு கொண்ட ஜப்பானியர் யூஜி ஹோரி, முன்னதன் பரந்த உலக சஞ்சாரத்தையும் பின்னதன் போர் முறையையும் இணைத்து, சிக்கலான விதிகளைக் குறைத்து, ஒரு சில பொத்தான்களே கொண்ட ஃபேமிகாம் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியில் சிறுவரும் ஆடத்தக்கதாக 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’டை உருவாக்கினார்.

மேற்கு, ஜப்பான் என்னும் இரு மார்க்கங்களும் வெவ்வேறு திசைகளில் வளர்ந்தன. மேற்கில், 1985இலேயே ‘அல்டிமா 4’, தீயோனை வீழ்த்துவதை விடுத்து எட்டு நற்குணங்களில் சிறத்தலையே இலட்சியமாக வைத்து, ஆடுவோரின் ஒழுக்கத்தைப் பரீட்சித்தது. 1997இல் ‘ஃபால்அவுட்’, ஒரே பிரச்சினையைப் போராலோ பேச்சாலோ மறைந்து செல்லும் சாதுரியத்தாலோ தீர்க்கும் சுதந்திரத்தை நல்கியது. ஜப்பானிலோ, 1991இல் ‘ஃபைனல் ஃபேண்டசி 4’, முறை வைத்துத் தாக்கும் போரில் ஓடும் காலத்தின் நெருக்கடியைப் புகுத்தியதோடு, பாத்திரங்களின் பச்சாத்தாபத்தையும் தியாகத்தையும் கதையின் ஜீவனாக்கியது.

ஆகவே, புதுமை மேற்குக்கே உரியது, ஜப்பான் பழமையில் தேங்கியது என்னும் கூற்று சரித்திரத்துக்கு ஒவ்வாது. தேர்வின் சுதந்திரத்தை ஒன்றும், கதையின் உணர்ச்சியை மற்றொன்றும் வளர்த்தன. இரண்டும் சேர்ந்ததாலேயே இக்கலை முழுமை பெற்றது.